நாற்பத்தெட்டுத் தட்டுகளும் பச்சைப் பெட்டியும்

வினாத்தாளின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படிக்காமல் விடையெழுதத் தொடங்கும் மாணவனை முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒருமுறையும் நான் மன்னித்ததில்லை. எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக என்று இருக்கும். அவன் எட்டுக்கும் எழுதி வைப்பான். முதல் ஐந்தை மட்டும் திருத்திவிட்டு, எஞ்சிய மூன்றின் குறுக்கே சிவப்பு மையால் கோடு இழுப்பேன். பெற்றோர் வந்து நின்றாலும் கோடு கோடுதான். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் என்னைத் தெரிந்தவர்கள் அனைவருக்கும் இது தெரியும்.

அந்தக் குடியிருப்பின் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து 1993ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டிய தெருவில்தான் வீடு. அங்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவை. ஆகவே என் மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் எல்லா மூலைகளின் பேச்சும் வந்து இறங்கும். அவற்றையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் 'வெஞ்சனம்' என்று எழுதியதை அடித்ததற்காக, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அவன் தாய் பொன்னம்மாள் நேரே வகுப்பறைக்கு வந்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வேறு எப்படிச் சொல்வதாம் என்று கேட்டார். கறி, கூட்டு, பொரியல் என்று அடுக்கினேன். அவையெல்லாம் வெஞ்சனத்தின் வகைகள். வெஞ்சனத்துக்குப் பெயர் என்ன என்றார். அன்று மாலை 'திருத்த வேண்டிய சொற்கள்' என்று தலைப்பிட்ட என் குறிப்பேட்டில் முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, 'சொற்கள்' என்பதை மட்டும் விட்டு வைத்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அது துண்டுத்தாள்களாகப் பெருகியது. என் மகள் புஷ்பா, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது வாங்கிய கணிப்பொறியைத் திருமணமாகி ஓசூர் போகும்போது என்னிடம் விட்டுச் சென்றாள். ஓர் ஒலிவாங்கியையும் பொருத்திக் கொடுத்தாள். எட்டுப் பேர் அதன்முன் அமர்ந்து தங்கள் ஊர்ச் சொற்களை வாயால் சொன்னார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது சொற்கள், ஒவ்வொன்றும் உரியவர் குரலில். அவற்றுள் இருநூற்றுப் பன்னிரண்டு பொன்னம்மாளுடையவை. அவர் கணவர் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. துண்டுத்தாள்களோ, எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்த பெருமிதத்தில், நானே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

ஆகவே எல்லாம் கணிப்பொறிக்குள் மட்டுமே இருந்தன. புஷ்பா தொலைபேசியில் எச்சரித்தபடி 1998 ஆகஸ்டில் அனைத்தையும் ஃப்ளாப்பிகளில் படியெடுத்தேன். நெகிழ்தட்டு என்பதே என் எழுத்தில் வரும் சொல். அம்பத்தூரில் அப்படிக் கேட்டால் சாப்பாட்டுத் தட்டுக் கடையைக் காட்டுகிறார்கள். நாற்பத்தெட்டுத் தட்டுகள். எண்ணிட்டு, உறையிட்டு, பீரோவின் தலையில் அடுக்கி வைத்தேன்.

பக்கத்து வீட்டுத் தேவராஜ் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்துக்காரர். ஒலிவாங்கியின்முன் அமர்ந்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர், அவர் மனைவி பத்மாவும் ஒருவர். தொழிற்சாலையில் பீரங்கி வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் எங்கள் தெருவில் சன்னல் கண்ணாடிகள் பாடும். பீரோ மேல் இருப்பவை மெல்ல மெல்ல விளிம்புக்கு நடந்து வரும். ஒருநாள் என் தட்டுகளில் ஏழு தரையில் விழுந்து கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அந்த ஆண்டு ஆயுத பூசையன்று துணி சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரும்புத் தகட்டுப் பெட்டி. வண்டிகளுக்கு அடிக்கும் அதே பச்சை நிறம். உள்ளே மெத்தென்ற கம்பளித் துணி. நாற்பத்தெட்டுத் தட்டுகளும் நெரிசலின்றி நிமிர்ந்து நிற்க அளவெடுத்துச் செய்தது. பீரோ மேல் வைத்ததும் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது.

"டேங்கு உட்டானுங்கன்னா உங்க பீரோ மேல கீறதெல்லாம் டான்ஸ் ஆடுது சார். இத்த ஆடச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார்.

நான் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இத்தகைய வேலைப்பாட்டை நான் கண்டதில்லை என்று மனமாரச் சொன்னேன். என் மனைவி லோகநாயகி அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

நவம்பரில் ஒரு காலைப்பொழுது, கணிப்பொறிக்குள்ளிருந்து ஓர் ஓசை வரத் தொடங்கியது. நாக்கை மேலண்ணத்தில் தட்டுவது போன்ற ஓசை. சொற்களைத் திறந்தால் சில திறந்தன. சில நெடுநேரம் யோசித்தன. படிதான் இருக்கிறதே என்ற நிம்மதியோடு பச்சைப் பெட்டியைத் திறந்து முதல் தட்டைச் செருகினேன். இந்தத் தட்டு இன்னும் பயன்பாட்டுக்கு ஆயத்தம் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று திரை கேட்டது. இரண்டாவதும் அப்படியே. நாற்பத்தெட்டையும் செருகினேன். நாற்பத்தெட்டுக்கும் அதே கேள்வி. அதாவது ஒன்றிலும் ஒரு சொல்கூட இல்லை.

எனக்கு வந்த சினத்தை இங்கு முழுவதும் எழுத இயலாது. தட்டுகளைத் தயாரித்த நிறுவனத்துக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். நுகர்வோர் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டேன். ஓர் இனத்தின் சொற்களஞ்சியம் என்ற தொடரையும் சேர்த்தேன். சற்று மிகைதான், நீக்க மனம் வரவில்லை.

புஷ்பா தொலைபேசியில் மூன்று வழிகள் சொன்னாள். ஒன்று, இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாட்டும்படி பொருத்திக்கொள்வது. இரண்டு, வெளியே வைத்து இயக்கும் டேப் டிரைவ். மூன்று, ஜிப் டிரைவ் என்று புதிதாக வந்திருப்பது. அதன் ஒரு தட்டு எழுபது ஃப்ளாப்பிகளுக்குச் சமம். எதுவானாலும் விரைவாக வாங்கும்படியும், அதுவரை இயந்திரத்தைத் தொடாதிருக்கும்படியும் சொன்னாள்.

தொடாமல் இருக்க முடியவில்லை. புதிய ஃப்ளாப்பி ஒன்றில் பொன்னம்மாளின் ஒரே ஒரு சொல்லை மட்டும் படியெடுத்தேன். அதையும் நிறுவனத்துக்கான கடிதத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை மின்வண்டி ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கித் தொழிற்பேட்டைக்கு நடந்தேன்.

புஷ்பா சொன்ன கடையின் உரிமையாளர் சுலைமான், தென்காசிப் பக்கத்தவர், அதிகம் பேசாதவர். பேச்சுக்கென்று கோவிந்தராஜ் என்ற விற்பனையாளர் இருந்தார். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் நடத்தி, இரண்டிலும் முடிக்காமல் விடும் பழக்கம் உடையவர். கைமாறி வந்த டேப் டிரைவ் ஒன்றை என் தலையில் கட்டிவிட வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். ஜிப்பைவிட நான்கு மடங்கு கொள்ளும், விலையோ பாதி என்றார்.

என் வகுப்பில் சொல்வதெழுதுதல் முடிந்ததும், எழுதியதை ஒவ்வொருவனும் எழுந்து படித்துக் காட்ட வேண்டும். தன் எழுத்தைத் தானே படிக்க முடியாதவனுக்கு மதிப்பெண் இல்லை. அதே தேர்வை இங்கும் வைக்கப்போவதாகச் சொன்னேன். என் ஃப்ளாப்பியில் இருக்கும் சொல்லை ஒவ்வொரு கருவியிலும் எழுதுங்கள். பிறகு கருவியைக் கழற்றி இன்னொரு கணிப்பொறியில் மாட்டி, எனக்குப் படித்துக் காட்டுங்கள்.

"சார், வாங்கறவங்க யாரும் இப்டி கேக்கறதில்ல" என்றார் கோவிந்தராஜ்.

"கேட்காதவர்களின் நாற்பத்தெட்டுத் தட்டுகள் என் வீட்டில் இருக்கின்றன" என்றேன்.

சுலைமான் தலையை அசைத்தார். தேர்வு தொடங்கியது. ஹார்டு டிஸ்க்கை முதலில் நானே விலக்கினேன். அதற்கு என் இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் விட்டுப்போக வேண்டுமாம். நோயாளியை மின்வண்டியில் ஏற்றும் நிலை அன்று இல்லை. டேப் டிரைவ் ஒழுங்காகத்தான் எழுதியது. இன்னொரு கணிப்பொறியில் மாட்டியதும் இப்படி ஒரு கருவியே தனக்குத் தெரியாது என்று அது சொல்லிவிட்டது. கோவிந்தராஜ் அரைமணி நேரம் வியர்த்தார். பழைய கணிப்பொறிக்கே திரும்பி வந்து படிக்கச் சொன்னேன். அந்த ஒரு சொல்லைத் தேடி நாடா தொடக்கத்திலிருந்து ஓடிற்று. அதற்குள் நான் தேநீர் குடித்துவிட்டேன்.

மூன்றாவது ஜிப். நீல நிறத்தில் ஒரு கைப்புத்தக அளவு. கணிப்பொறியின் பின்புறம் அச்சுப்பொறிக்கென்று விட்டிருக்கும் துளையில் கம்பியைச் செருகினால் போதும். என்னிடம் அச்சுப்பொறி இல்லாததால் அந்தத் துளை ஐந்தாண்டுகளாகச் சும்மா இருந்தது. எழுதினார்கள். கழற்றினார்கள். கடையின் மறு கோடியில் இருந்த கணிப்பொறியில் மாட்டினார்கள். சிறிது நேரம் கழித்து, அந்தக் கடைக்குள் பொன்னம்மாளின் குரல் கேட்டது.

"வெஞ்சனம். சோத்துக்கு வெஞ்சனம் என்ன வச்சிருக்கன்னு கேப்பாவ."

சுலைமான் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "எங்க உம்மாவும் இப்படித்தான் கேப்பா" என்றார். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தட்டுகள் இரண்டைக் கட்டிக் கொடுத்தார். கடைக்கு நூற்றுக்கு எண்பத்திரண்டு மதிப்பெண் அளித்தேன். பதினெட்டைக் குறைத்தது விலைப்பட்டியலில் இருந்த எழுத்துப்பிழைகளுக்காக.

பட்டரவாக்கம் நடைமேடையில் வண்டிக்குக் காத்திருந்தபோது, கருவியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் படித்தேன். இம்முறை எதையும் விட்டுவிடக் கூடாது என்ற உறுதி. மூன்றாம் பக்கத்தில் சிறு படங்கள். தட்டின்மேல் தண்ணீர்; குறுக்கே கோடு. தட்டின்மேல் வெயில், குறுக்கே கோடு. தட்டின் அருகில் குதிரை லாட வடிவில் ஒரு பொருள், குறுக்கே கோடு. அது காந்தம்.

பைக்குள் கையை விட்டு ஃப்ளாப்பியை எடுத்தேன். அதன் உறையின் பின்புறத்தில், ஐந்தாண்டுகளாக நான் கையாண்டுவரும் அதே உறையில், அதே லாடம், அதே கோடு.

நான்கு பக்கக் கடிதத்தை நடைமேடையிலேயே கிழித்தேன். வண்டி வந்தது, ஏறினேன், ஆவடிவரை உட்காரவில்லை. பச்சைப் பெட்டி பீரோவோடு ஒட்டிக்கொண்ட அந்த ஓசை காதிலேயே இருந்தது.

வீட்டில் லோகநாயகியிடம் சொன்னேன். இதைத் தேவராஜிடம் சொல்லவே கூடாது என்றாள். ஒரு மாதம் ஓய்வு நாட்களில் உட்கார்ந்து செய்தவர், கேட்டால் சாப்பிட மாட்டார் என்றாள். கருவியை மாட்டிப் படியெடுக்கத் தொடங்கினேன்.

கணிப்பொறிக்குள் எட்டுப் பேருக்கும் எட்டுக் கோப்புறைகளை அகர வரிசையில் எண்ணிட்டு வைத்திருந்தேன். கண்ணம்மா, கன்னியப்பன், தங்கவேல், தேவராஜ், நாகம்மாள், பத்மா, பரந்தாமன், பொன்னம்மாள். அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அனுப்பினேன். மற்ற எழுவரும் கூப்பிடு தொலைவில் இருப்பவர்கள் என்பதும், கிடைக்காதவர் எட்டாமவர் ஒருவரே என்பதும் என் சிந்தையில் எழவில்லை. பரந்தாமன் முடியும்போது ஓசை அதிகமாயிற்று. பொன்னம்மாளைத் தொடங்கியதும் திரை அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன். இயந்திரம் எழவே இல்லை.

லோகநாயகி எண்களைப் பார்த்தாள். "ஊடு பத்திக்கிட்டா, நீங்க அகராதி வரிசையிலதான் சாமான வெளிய எடுப்பீங்க" என்றாள். பிறகு மதில் சுவருக்கு மேல் எட்டி, தேவராஜைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவர் அப்போதுதான் பணி முடிந்து வந்திருந்தார். கைகளைக்கூடக் கழுவவில்லை. கணிப்பொறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை அவரே சொன்னார். ஆனால் நீண்ட திருப்புளி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைத் தம் காதில் வைத்துக்கொண்டு, என்னை மின்சாரம் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேறோர் இடத்தில் வைத்துக் கேட்டார். பிறகு அணைக்கச் சொன்னார்.

"பேரிங்கு அடி வாங்கிகினு கீது சார். எங்க மிஷின்லயும் இப்டித்தான் கத்தும். சில்லுனு இருக்கச்சொல்ல ஓடும். சூடாச்சுன்னா மக்கர் பண்ணும்."

"இனி ஓடுமா?"

"ஓடும். ஆற வெச்சி ஆற வெச்சி ஓட்டணும். ரொம்ப பேராசப்படாதீங்க."

மூடியைக் கழற்றினார். தம் வீட்டிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுவந்து அதன் வாயில் வைத்தார். ஒரு மணி நேரம் யாரும் எதையும் தொடக் கூடாது என்றார். நாங்கள் மூவரும் காப்பி குடித்துக்கொண்டு, மழை விட்ட வெளிச்சத்தில், திறந்து கிடந்த இயந்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பிறகு போட்டோம். எழுந்தது. இருபது சொற்கள் போயின, ஓசை தடித்தது, அணைத்தார். மறுபடி விசிறி. மறுபடி இருபது, இருபத்தைந்து. திருப்புளியைக் காதிலிருந்து அவர் எடுக்கவே இல்லை. கையை உயர்த்தினால் நான் நிறுத்த வேண்டும். இப்படியே அன்று மாலையும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்தது.

ஞாயிறு நண்பகலில், ஒரு விசிறி இடைவேளையில், அவர் பீரோவை அண்ணாந்து பார்த்தார்.

"அது இருக்கட்டும் சார். ஃப்ளாப்பி எல்லாம் பொட்டில பத்திரமாத்தான கீது? அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ கஸ்டம்?"

லோகநாயகி என்னைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்விட்டாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் பிழைகளை உரக்கப் படித்தவன் நான். ஃப்ளாப்பியின் உறையை எடுத்து அவர் கையில் கொடுத்து, பின்புறத்துப் படத்தைக் காட்டினேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். பெட்டியின் அடியில் கம்பளிக்குக் கீழே நான்கு காந்த வளையங்கள் வைத்திருந்ததாகவும், பழைய ஒலிபெருக்கிகளைத் தேடிக் கழற்றியவை என்றும் மெல்லச் சொன்னார்.

"எல்லாம் பூட்ச்சா சார்?"

"எல்லாம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே சார்."

"எனக்கே நேற்றுத்தான் தெரியும். இந்தப் படத்தை உங்களிடம் யாரும் காட்டவில்லை, தேவராஜ். என்னிடம் நாற்பத்தெட்டு முறை காட்டினார்கள். படிக்காதவன் நான்தான்."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாத்தூண்டு படம் போட்டா யாருக்கு சார் தெரியும்" என்றார், எனக்காக. என் மாணவன் ஒருவனுக்காக நான் ஒருநாளும் சொல்லாத சொல். எழுந்து விசிறியைத் தொட்டுப் பார்த்து, இயந்திரம் ஆறிவிட்டது, போடலாம் என்றார்.

மாலை ஐந்தரைக்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது சொல் போய்ச் சேர்ந்தது. உடனே படித்துக் காட்டும் தேர்வை வைத்தேன். லோகநாயகி முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பொன்னம்மாள் ஒரு சொல்லையும் விழுங்காமல் பேசி முடித்தார். இடையில் ஒருமுறை ஒலிவாங்கியை அவர் அதட்டியதும் அதில் இருந்தது. அதையும் நான் நீக்கவில்லை. இயந்திரத்தின் ஹார்டு டிஸ்க் அடுத்த செவ்வாயன்று முற்றிலும் நின்றுபோனது. சுலைமான் கடையிலிருந்து ஆள் வந்து புதியதை மாட்டினார். எனக்கு ஒரு கவலையும் இல்லை.

பச்சைப் பெட்டியைத் தேவராஜ் கேட்காமலே எடுத்துப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். காந்தங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் ரப்பர்க் கால்கள். பீரோவின் பின்விளிம்பைப் பற்றிக்கொள்ள இரண்டு பித்தளைக் கொக்கிகள். மூடியின் உட்புறத்தில், ஃப்ளாப்பி உறையிலிருந்த லாடத்தையும் குறுக்குக் கோட்டையும் வெள்ளை வண்ணத்தால் கையகலத்துக்குப் பெரிதாக வரைந்திருந்தார். இனிப் படிக்கவில்லை என்று நான் சொல்ல வழியில்லை.

இரண்டாவது ஜிப் தட்டில் இன்னொரு படி எடுத்தேன். ஒரே வீட்டில் இரண்டு படிகளும் இருப்பதில் பொருளில்லை என்று புஷ்பா சொன்னதால், அதைத் தேவராஜ் வீட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. பத்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவர மனம் அரித்தது, போனேன். பத்மா அதற்கு மஞ்சள் துணி சுற்றிப் பெரிய மரியாதை செய்திருந்தார். வைத்திருந்த இடம், பாட்டுப்பெட்டியின் ஒலிபெருக்கித் தலைமேல்.

நான் வாய் திறக்குமுன் தேவராஜ் கண்டுவிட்டார்.

"ஐயோ பத்மா, அதுக்குள்ளாறதான் மேக்னெட்டு கீது. அரிசி டிரம்முல போடு."

"அரிசிலயா? சாரு இன்னா நெனச்சிப்பாரு" என்றார் பத்மா.

அரிசியில் போடலாம் என்று கையேட்டில் இல்லை. போடக் கூடாது என்றும் இல்லை. இருமுறை படித்துவிட்டேன். பொன்னம்மாளை உறையோடு ஓர் எவர்சில்வர் தூக்கில் இட்டு, தூக்கை அரிசிக்குள் புதைத்து வைத்தோம். பீரங்கி வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் இப்போது நான் சன்னலோரம் நாளிதழ் படிக்கிறேன். பீரோவை நிமிர்ந்து பார்ப்பதில்லை.